லைட் எரிகிறது, சத்தம் வரவில்லை

எங்களைப் போன்ற மெல்லிசைக் குழுக்களுக்கு ஆடி மாதம்தான் அறுவடை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் மூன்று ஊர் ஓடும். அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரி, செங்கல்பட்டைத் தாண்டி ஓர் அம்மன் கோவில் மேடை. பாட்டின் இரண்டாவது பிஜிஎம்மில் கிட்டார் பீஸ் வரும். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் காலால் மிதித்தேன். சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. சத்தம் சுத்தமாக நின்றுபோனது. மறுபடி மிதித்தால் சாதாரண சத்தம் வருகிறது. இன்னொரு தடவை மிதித்தால் லைட் மட்டும். கீபோர்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என் பீஸையும் சேர்த்து அவரே வாசித்து முடித்துவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

முதல் தப்பு என்னுடையது. கேபிள்தான் காரணம் என்று முடிவு கட்டி, மறுநாளே நல்ல பேட்ச் கேபிள் இரண்டு வாங்கினேன். கோளாறு அப்படியே இருந்தது. அடாப்டரை மாற்றினேன். அதே கதை. லைட்டும் பைபாஸும் (எஃபெக்ட் சேராமல் கிட்டார் சத்தம் நேராகப் போகும் நிலை) ஒழுங்காக இருந்து, எஃபெக்டைப் போடும்போது மட்டும் சத்தம் போகிறதென்றால் கேபிள் மேல் பழி போடுவதில் அர்த்தமே இல்லை. கேபிள் கெட்டிருந்தால் பைபாஸிலும்தானே சத்தம் போக வேண்டும்? இது அப்போது தோன்றவில்லை.

பிறகு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். அவர் பெடலைத் திறக்கக்கூட இல்லை. அடாப்டரைச் செருகி ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். "லைட் எரியுதுல்ல தம்பி? அப்ப சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. உள்ள போர்டுல ஐசி அடி வாங்கியிருக்கும். ரெண்டாயிரம் ஆகும், பத்து நாள் கழிச்சு வாங்க." அடுத்த சனிக்கிழமை மேடை இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவசரம்னா புதுசு வாங்கிக்கங்க" என்றார். பெடலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லைட் எரிந்தால் சுவிட்ச் நல்லது என்ற அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்று அன்று ராத்திரி பின்தட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது. (அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டுத் திறங்கள்.) இந்த மாதிரிப் பெடல்களில் இருக்கும் சுவிட்ச் த்ரீ பிடிடி வகை. நீலக் கலர் பிளாஸ்டிக் உடம்பு, அடியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கால். பார்க்க ஒரே சுவிட்ச், உள்ளே மூன்று தனித்தனி சுவிட்ச். ஒரே மிதியில் மூன்றும் சேர்ந்து மாறும். ஒன்று கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைத் திருப்பிவிடும், இன்னொன்று வெளியே போகும் சிக்னலைத் திருப்பிவிடும், மூன்றாவது லைட்டுக்கு மட்டும். லைட் எரிகிறது என்றால் அந்த மூன்றாவது சுவிட்ச் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மற்ற இரண்டைப் பற்றி லைட் எதுவும் சொல்லாது.

மல்டிமீட்டரை பீப் மோடில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் குத்திப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். எனக்கு எஃபெக்டைப் போட்ட முதல் மூன்று தடவையும் பீப் வந்தது. இருபது தடவை போட்டுப் பார்த்ததில் வெளியே போகும் பக்கத்து வரிசை ஏழெட்டுத் தடவை மௌனம் சாதித்தது. சந்தேகம் தீர, கிட்டாரையும் ஆம்பையும் மாட்டி எஃபெக்டைப் போட்டுவிட்டு, அதே இரண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால் தொட்டேன். டிஸ்டார்ஷன் கர்ஜித்தது. போர்டுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று அப்போதே துள்ளினேன், கொஞ்சம் சீக்கிரமாகவே.

இடையில் ஒரு நண்பர் சொன்னார் என்று கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன். ஒரு நாள் தாங்கியது. வீட்டில் என்றால் சரி, மேடைக்கு அதை நம்பிப் போக முடியாது.

இன்னொன்று, உங்களுடையது பாஸ் (Boss) கம்பெனியின் காம்பேக்ட் பெடல் மாதிரி என்றால் நான் சொல்வது பொருந்தாது. 1977ல் வந்த முதல் மாடல்களிலிருந்தே அவற்றில் பாதை மாற்றுவது எலக்ட்ரானிக் சர்க்யூட்டின் வேலை. மிதிக்கும் தட்டுக்கு அடியில் இருப்பது அதற்குச் சைகை கொடுக்கும் குட்டி சுவிட்ச் மட்டும்தான். அங்கே ஒன்பது காலைத் தேடாதீர்கள்.

சுவிட்சை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். படத்தில் ஒன்பது கால், வந்த கவரில் ஆறு கால். அது டிபிடிடி. அதே நீலம், அதே உயரம், ஒரு வரிசை மட்டும் குறைவு. திருப்பி அனுப்பி மாற்று வருவதற்குள் மேடை நாள் வந்துவிடும். எனவே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன் ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகலாமா? தெரு முழுக்க ஷட்டர். திறந்திருந்த ஒன்றிரண்டு கடையில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். முதல் கடையில் "ஃபுட் சுவிட்ச்" என்று கேட்டதும் பையன் உள்ளே போய் பெட்டியோடு வந்தான். திறந்தால் தையல் மெஷின் மோட்டாருக்கு வைக்கும் பெடல். இரண்டாவது கடையில் "கிட்டாருக்கு" என்று சேர்த்துச் சொன்னேன். "மியூசிக் கடையில கேளுங்க பாஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் கையளவு டாகிள் சுவிட்சுகளைக் கொட்டி, இதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் பையில் அந்த ஆறு கால் சுவிட்ச் கிடப்பது ஞாபகம் வந்தது. நான்காவது கடையில் வாயைத் திறக்கவே இல்லை, அதை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுல ஒம்பது காலு வேணுமா?"

நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. ஒன்று 140 ரூபாய். "மிதிச்சா நிக்கணுமா, விட்டா திரும்பணுமா?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உயிர் வந்தது. நமக்கு வேண்டியது மிதித்தால் டக்கென்று விழுந்து அப்படியே நிற்கும் லாட்சிங் வகை. அவருடைய மீட்டரிலேயே மூன்று வரிசையையும் சோதித்துக் காட்டினார். இரண்டு வாங்கிக்கொண்டேன். பெயர் சொல்லிக் கேட்டு அலைவதைவிடச் சாம்பிளைக் கையில் கொண்டுபோங்கள். தப்பான சாம்பிளாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்தத் தப்பான சுவிட்ச் இன்னொரு விதத்திலும் உதவியது. சால்டரிங் பழக்கம் விட்டுப்போய்ப் பல வருஷம் என்பதால் அதிலேயே ஒத்திகை பார்த்தேன். 25 வாட் அயர்னை ஒரே காலில் பத்து விநாடி வைத்துக்கொண்டிருந்தேன். கால் ஒரு பக்கம் சாய்ந்தது. பிளாஸ்டிக் இளகிவிட்டது. ஆறினபின் மிதித்தால் சுவிட்ச் பாதியில் நின்றது. நல்லவேளை, இது ஆறு காலில் நடந்தது. சூடு அதிகமானால் உள்ளே இருக்கும் கிரீஸும் உருகிக் கான்டாக்ட் மேல் படியும். வெளியே பார்க்க எல்லாம் அழகாக இருக்கும், நாலாவது நாளே பழைய கோளாறு வந்து நிற்கும். காலிலும் வயர் நுனியிலும் முதலிலேயே பேஸ்ட் தொட்டு லேசாக ஈயம் பூசி வையுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடியில் கையை எடுத்துவிடலாம். பக்கத்துப் பக்கத்துக் காலாகப் போகாமல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால் சூடு ஒரே இடத்தில் சேராது.

பழைய சுவிட்சைக் கழற்றுவது என் பெடலில் சுலபம், தனித்தனி வயர்தான். ஆறு வயர், மேல் வரிசையின் இரண்டு ஓரக்காலையும் இணைக்கும் ஒரு துண்டு வயர் (ஜம்பர்), ஒரு கால் சும்மா. சில பெடல்களில் சுவிட்சை நேராக போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே ஒன்பது காலையும் ஒரே நேரத்தில் இளக்கி இழுக்க முயன்றால் போர்டின் செம்புத் தடமும் கூடவே உரிந்து வரும். பழைய சுவிட்ச் குப்பைக்குத்தானே போகப்போகிறது, கட்டரால் அதை நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை ஒவ்வொன்றாகச் சூடு காட்டிப் பிடுங்குவதுதான் நல்லது. நட்டுக்குக் கொறடு போடாதீர்கள், பெயின்ட் போய்விடும். என் பெடலில் 14 நம்பர் ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தது.

போட்டோ எடுத்தேன், வயர் கலரைக் குறித்துக்கொண்டேன், புது சுவிட்சை மாட்டி நட்டை இறுக்கினேன், போட்டோவைப் பார்த்துப் பார்த்து எட்டுக் காலிலும் பற்றவைத்தேன். பளபளவென்று இருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அடாப்டரைச் செருகி மிதித்தேன்.

ஒன்றுமில்லை. எஃபெக்டும் இல்லை, பைபாஸும் இல்லை, லைட்கூட இல்லை. முன்பாவது லைட் எரிந்தது.

போர்டைச் சுட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். "ரெண்டாயிரம் ஆகும்" என்ற குரல் காதில் ஒலித்தது. மனைவி எட்டிப் பார்த்து, "அவர்கிட்டயே குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் போர்டில் ஒவ்வோர் இடமாக வோல்ட் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒழுங்காக வருகிறது. சரி, கடைசியாகச் சுவிட்சையே பார்ப்போம் என்று பழையதைப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் கால்களின் தட்டையான பக்கம் படுக்கைவாட்டில் இருந்தது. பெட்டிக்குள் இருந்த புதியதில் நெட்டுக்குத்தாக.

நட்டை இறுக்கும்போது சுவிட்ச் கால்வாசிச் சுற்று திரும்பியிருக்கிறது. மூன்றுக்கு மூன்று சதுரம், எப்படித் திருப்பினாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்று சுவிட்சும் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்பது மாறிவிடும். என் பெடலில் நடு வரிசையில் இருப்பவை கிட்டார் இன்புட், கிரவுண்ட் (சிக்னல் இதைத் தொட்டால் அங்கேயே அடங்கிவிடும்), அவுட்புட். சுவிட்ச் திரும்பியதால் இந்த மூன்றும் ஒரே சுவிட்சின் மூன்று கால்களாகிவிட்டன. ஒரு தடவை மிதித்தால் இன்புட்டைக் கிரவுண்டோடு கட்டும், மறு தடவை அவுட்புட்டைக் கட்டும். எப்படி மிதித்தாலும் மௌனம். லைட்டுக்குக் கிரவுண்டே போகவில்லை. நான் பற்றவைத்த எட்டும் பிழையில்லாமல் இருந்தன, இருந்த இடம்தான் தப்பு.

சுவிட்ச் அரைச் சுற்றுத் திரும்பினால்கூடக் கவலையில்லை, மேல் கீழ் மாறினாலும் வேலை செய்யும். கால்வாசிச் சுற்றுதான் ஆளைக் கொல்லும். எனவே நட்டை இறுக்கும்போது உள்ளே இன்னொரு கையால் சுவிட்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கியபின், வயர் வைப்பதற்கு முன்னால், நடுக்காலுக்கும் மேல்காலுக்கும் மீட்டர் வைத்து மிதித்துப் பாருங்கள். பத்து விநாடி வேலை. எனக்கு அது ராத்திரி ஒன்றரை மணி வரை இழுத்தது.

எட்டுக் காலிலும் மறுபடி கழற்றிப் பற்றவைக்க மனம் வரவில்லை, சூடு பட்ட காலில் திரும்பச் சூடு வேறு. நட்டைத் தளர்த்தி, வயரோடு சேர்த்துத் திருப்பினாலும் பயனில்லை, வயரும் கூடத்தானே திரும்பும். ஆக, இரண்டாவது சுவிட்சை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாக வாங்கியதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பின்தட்டு மூடாமல் கொஞ்சம் மல்லுக்கட்டியது, உள்பக்க நட்டை இரண்டு சுற்று இறக்கி சுவிட்சைக் கொஞ்சம் வெளியே தள்ளியதும் மூடிக்கொண்டது.

ஆம்பின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு மிதித்தேன். டக். லைட் எரிந்தது, சத்தமும் வந்தது. இருபது தடவை மிதித்தேன். பக்கத்து அறையிலிருந்து, "போதும், தூங்கு" என்று வந்தது.

சனிக்கிழமை மேடையில் அதே பாட்டு, அதே இரண்டாவது பிஜிஎம். என் இடம் வருவதற்கு ஒரு பார் முன்னால் ஓரக்கண்ணால் பார்த்தேன். கீபோர்டுக்காரர் என் பீஸை வாசிக்கத் தயாராக இரண்டு கையையும் கட்டைகள் மேல் வைத்திருந்தார். மிதித்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.