யொங்சுன்: ஒரு நாரை, எட்டு அடிகள், ஒரு மோசமான பேருந்து

சீனாவில் யாரிடமாவது யொங்சுன் போவதாகச் சொன்னால், "ஓ, புரூஸ் லீ!" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள், டிக்கெட்டே வேறு ஊருக்குப் போய்விடும். புரூஸ் லீ ஹாங்காங்கில் யிப் மானிடம் கற்றது விங் சுன் என்ற சண்டைக்கலை. யிப் மானின் சொந்த ஊர் குவாங்டுங் மாகாணத்து ஃபோஷான். விங் சுன்னையும் மாண்டரினில் யொங்சுன் என்றுதான் சொல்வார்கள். ஒலியின் ஏற்ற இறக்கம்கூட ஒன்றே, எழுத்து மட்டும்தான் வேறு. இங்கே சொல்லப்போகும் யொங்சுன் ஃபுஜியன் மாகாணத்தில், சுவான்சோ நகரிலிருந்து உள்ளே மலைப்பக்கம் இருக்கிறது. வெள்ளை நாரைச் சண்டைக்கலை வேர்பிடித்த மண் இது. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் "எங் சூன்" என்ற பெயரைச் சங்கக் கட்டடங்களின் பலகையில் பார்த்திருப்பீர்கள். அந்த எங் சூன்தான் இந்த ஊர்.

வழி, செலவு, சாப்பாடு, கடைசியில் நாரையும் பாட்டும் என்ற வரிசையில் சொல்லிவிடலாம்.

சியாமென் வரை விமானம், அங்கிருந்து சுவான்சோவுக்கு அதிவேக ரயில். அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல், ஒரு குறையும் இல்லை. சுவான்சோவில் ஒருநாள் தங்கினால் கையுவான் கோயில் பிரதான மண்டபத்தின் பின்பக்கம் போய், இரண்டு கல்தூண்களைக் கட்டாயம் பாருங்கள். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கும் சிற்பம் அதில் இருக்கிறது. இடிந்துபோன ஒரு தமிழ் வணிகர் கோயிலின் மிச்சம். சுவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைத் தேடி இங்கே அலைய வேண்டாம். அது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் போக முன்பதிவு வேண்டும் என்பதால், சியாமெனில் இறங்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

இனி பேருந்து. சுவான்சோவிலிருந்து யொங்சுன் போகும் பேருந்து மோசம். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், இரண்டேகால் ஆகும். வழியில் ஆரஞ்சுப் பெட்டிகளும் ஊதுபத்திக் கட்டுகளும் ஏறும் (இரண்டுக்கும் பேர்போன மாவட்டம் இது), நடைபாதை அடைபடும், கால் நீட்ட இடமிருக்காது. ஜன்னல் திறக்காது. பின்சீட்டில் உட்கார்ந்தால் மலைவளைவுகளில் வயிறு புரளும், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையைப் பிடியுங்கள். இறங்கியதும் நிலைய வாசலில் நிற்கும் கார்க்காரர்கள், நாரைக்கலை வகுப்பு நடக்கும் தாயூ கிராமத்துக்கு 80 யுவான் கேட்பார்கள். யுவான் ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அநியாயம். செயலியில் அழைத்தால் அதில் கால்பங்குகூட வராது. செயலிக்குக் கடவுச்சீட்டுப் பதிவும் விசா அல்லது மாஸ்டர் அட்டையும் வேண்டும். இந்தியாவிலிருந்தே அட்டையை அலிபே என்ற சீனப் பணம்செலுத்தும் செயலியில் இணைத்துவிட்டுக் கிளம்புங்கள், அங்கே போய் ஓடிபி வராமல் தவிக்கக் கூடாது. வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் 3 சதவீதம் பிடித்தம் உண்டு. விடுதிக் கட்டணத்தை நாளுக்கு நாள் தனித்தனியாகக் கட்டினால் அது மிச்சம்.

சாப்பாட்டுக்கு முன்பு நாரையைச் சொல்லிவிட வேண்டும், காத்திருக்க முடியவில்லை.

இங்கே சொல்லப்படும் பிறப்புக்கதை இது. ஃபாங் சீனியாங் என்ற பெண் நெய்துகொண்டிருக்கிறாள். ஒரு நாரை வந்து இறங்குகிறது. கோலால் தலையில் அடிக்கிறாள், தலை விலகுகிறது. சிறகில் அடிக்கிறாள், ஒதுங்கி நின்று நகத்தால் காத்துக்கொள்கிறது. உடலைக் குத்துகிறாள், அலகால் கோலைக் கொத்துகிறது. தந்தையிடம் கற்ற வித்தையோடு இதைக் கலந்து அவள் புதுமுறை வகுத்தாள். அவளிடம் தோற்ற சங் ஸு என்பவர் சீடராகி, கணவருமாகி, யொங்சுனுக்கு அந்த வித்தையைக் கொண்டுவந்தார் என்பது மரபு. காங்சி பேரரசர் காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். கதை நடந்ததா என்று வாதாடுவதில் பொருளில்லை. அடி மூன்று, பதில் மூன்று: விலகு, ஒதுங்கிக் கா, வரும் ஆயுதத்தையே தாக்கு. எழுத்தறியாத சீடனுக்கு முதல் பாடத்தை மறக்காதபடி சொல்லிக்கொடுக்கும் வழி இது.

நமக்குக் கொக்கு, நாரை என்றதும் ஒற்றைக்காலில் அசையாமல் நின்று, உறுமீன் வந்ததும் கொத்தும் பறவைதான் மனதில் வரும். காத்திருப்பும் குத்தும். யொங்சுன் நாரையில் அது பாதிதான். இவர்கள் பார்த்தது இறகை உதறும் நாரையை, பலத்தோடு பலம் மோதாமல் நழுவும் நாரையை. அதனால்தான் சுற்றுலா மேடைகளில் இரு கைகளையும் விரித்து ஒற்றைக்காலில் நிற்கும் காட்சியைப் பார்த்துவிட்டு "நாரைக்கலை பார்த்தாச்சு" என்று திரும்புவது வீண். பட்டுச் சட்டை, புகை, மேளம் எல்லாம் உண்டு. நாரை இல்லை. கையை அப்படி விரித்ததும் தோள் ஏறுகிறது, முழங்கை விலாவை விட்டுப் போகிறது, நெஞ்சு திறந்துவிடுகிறது. வகுப்பில் இதே தவறைச் செய்தால் ஆசிரியர் முழங்கையை இரண்டு விரலால் உள்ளே தள்ளுவார். அன்று முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பார்.

தாயூ கிராமத்து வகுப்பில் முதலில் கற்றுத்தருவது சான்சான், அதாவது மூன்று போர். கால் அரைவட்டமாக உள்வாங்கி முன்னே வைத்து மூன்று காலடி, கைகள் முன்னே, தோள் கீழே, முழங்கை தொங்க. பார்க்க ஒன்றுமே இல்லை. பத்து நிமிடத்தில் தொடை நடுங்கும். முழங்கால் உள்பக்கம் மடிந்தால் மறுநாள் படியேற முடியாது, முழங்கால் கால்விரலின் திசையையே பார்க்க வேண்டும். இந்த மூன்று காலடிக்குள்தான் இவர்களின் வட்டார மொழியான ஹொக்கியனில் நான்கு சொற்களைச் சொல்வார்கள்: துன், தோ, பூ, திம். விழுங்கு, உமிழ், மித, அமிழ்.

விழுங்கு என்றால், எதிராளி நெஞ்சில் தள்ளும்போது மார்பெலும்பை இரண்டு மூன்று விரற்கடை உள்வாங்குவது. தள்ளிய கை முடிவில் வெறுங்காற்றைத் தொடும். பின்னால் சாய்வது விழுங்கல் ஆகாது, சாய்ந்தவனை இன்னொரு விரல் தள்ளினால் போதும். உமிழ் என்றால் பின்குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியாக உள்ளங்கையில் வெளியேறுவது. மித என்பதை எல்லோரும் முதலில் தப்பாகவே புரிந்துகொண்டு தன் குதிகாலைத் தூக்குகிறார்கள். தூக்க வேண்டியது எதிராளியின் குதிகாலை: அவன் முழங்கைக்கு அடியில் முன்கையைக் கொடுத்து மேலேற்றினால் அவன் வேர் அறுந்துவிடும். அமிழ் அதற்கு நேர்மாறு, அவன் கைமேல் உன் எடையை இறக்குவது. மூச்சை அடக்கிக்கொண்டு இதைச் செய்தால் முகம் சிவக்கும், தலை சுற்றும். வாயை லேசாகத் திறந்து உமிழும்போது மூச்சையும் விட்டுவிட வேண்டும்.

நாரையலகு (கட்டைவிரலோடு மற்ற நான்கு விரல்நுனிகளும் குவிந்த கை) கற்க ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு: முதல் நாளில் அதைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. விரல்கள் தளர்வாகக் குவிந்திருக்கும்போது எதன்மேலாவது பட்டால் கணு பிசகும். அலகு கண், தொண்டை போன்ற மென்மையான இடத்துக்கு. எலும்புமேல் படுவதற்கு நாரையின் உச்சி, அதாவது மடக்கிய மணிக்கட்டின் மேற்புறம் இருக்கிறது.

ஃபுஜியனின் தலைநகர் ஃபூஜோ பக்கம் நாரையையே நான்காகப் பிரித்திருக்கிறார்கள். பறக்கும் நாரை, கூவும் நாரை, இரைதேடும் நாரை, உதறும் நாரை. உதறலுக்கு அவர்கள் சொல்லும் உவமையில் நாரையே கிடையாது. நனைந்த நாய் உடம்பை உதறுவதைப் பார் என்கிறார்கள். இடுப்பில் எழும் நடுக்கம் கை நுனி வரை போவதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இப்போது பாட்டு. ஃபுஜியனிலிருந்து ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்குப் போய், அங்கே புபிஷி என்ற பெயரில் கைப்படப் பெயர்த்து எழுதிக் காத்த சுவடியில் சீனியாங் கதையும் இருக்கிறது, எட்டடிப் பாட்டும் இருக்கிறது. அடிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் 40. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

மனம் வானோடும் மண்ணோடும் ஒன்று
குருதி ஓட்டம் ஞாயிறும் திங்களும் போல
முறை வன்மை மென்மை, விழுங்கல் உமிழ்தல்
உடல் நேரத்தோடு மாறும்
கை வெறுமை கண்டால் நுழையும்
கால் முன் பின், விலகும் சேரும்
கண் நாற்றிசை நோக்கும்
காது எண்திசை கேட்கும்

முதல் இரண்டு அடியைத் தத்துவம் என்று விட்டுவிடாதீர்கள், ஆனால் பயிற்சிக்கு மூன்றாம் அடியிலிருந்து பாருங்கள். ஒவ்வோர் அடியின் முதல் எழுத்தையும் கீழ்நோக்கிப் படித்தால் முறை, உடல், கை, கால், கண், காது. நிற்கும்போது தன்னைத்தானே சரிபார்க்கும் வரிசை அது. சண்டைநிலைக்குச் சீன மொழியில் குதிரை என்றே பெயர், "மா". பாட்டில் கால் வரும் அடியும் அதே "மா" ஒலியில்தான் தொடங்குகிறது. மூன்றாம் அடியின் வன்மை மென்மையிலிருந்துதான் ஒகினாவாவின் மியாகி சோஜுன் தன் கராத்தே முறைக்கு கோஜு என்று பெயர் வைத்தார். சென்னையில் கோஜு ரியூ பட்டை கட்டியிருக்கும் பிள்ளைகள் இந்த ஒரே அடியின் பெயரைத்தான் தினமும் சொல்கிறார்கள்!

ஐந்தாம் அடிக்குத் தனிப் பயிற்சி உண்டு. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து மெல்லச் சுழற்றுவார்கள். எதிராளியின் கை விலகிய நொடியில் உன் கை தானாக முன்னே போக வேண்டும். இதில் கெட்டுப்போகிறவர்கள் எல்லோரும் இடைவெளியைக் கண்ணால் தேடுகிறவர்கள். பாட்டு வெறுமையைக் கைக்குக் கொடுத்திருக்கிறது. கண்ணுக்கு நாற்றிசையைக் கொடுத்திருக்கிறது. வேலையை மாற்றிக் கொடுத்தால் கை தாமதிக்கும், கண் மற்றவர்களைக் கவனிக்காது. ஃபோஷானின் விங் சுன்னிலும் எட்டே எழுத்தில் இதையே சொல்கிறார்கள்: வருவதை நிறுத்து, போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய்.

ஒரு வேண்டுகோள்: பாட்டை மாண்டரினில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், உள்ளூர்ப் பேச்சில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "நுழை" என்ற சொல் மாண்டரினில் "ரூ", இழுத்துக்கொண்டே போகலாம். சுவான்சோ வட்டார ஹொக்கியனில் அது "லிப்". நம் "ப்" போலவே உதடு மூடி மூச்சு சட்டென்று நிற்கும். கை போய்ச் சேரும் இடத்தில் மூச்சும் நிற்கிறது. தாக்கும் அடி எங்கே முடிய வேண்டும் என்பதை ஒலியே சொல்லிவிடுகிறது.

போதிதர்மரைத் தேடி இங்கே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாரை மரபின் கதை சீனியாங்கில் தொடங்குகிறது, அவரில் இல்லை. உடற்பயிற்சியை அவர் பெயரோடு இணைக்கும் ஈஜின்ஜிங் என்ற நூலின் பின்னுரை 1624ஆம் ஆண்டுக்குரியது, அதன் பழைய முன்னுரைகள் போலி என்று 20ஆம் நூற்றாண்டில் தாங் ஹாவ் போன்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இல்லாத உறவைத் தேடுவதைவிட சுவான்சோவின் அந்த இரண்டு தூண்களையே இன்னும் ஒருமுறை பார்க்கலாம்.

சாப்பாடு. ஊலி தெருவின் பழைய தாழ்வாரக் கடைகளில் பாங்ஷெ குயி என்று ஆமை வடிவப் பசையரிசிப் பலகாரம் கிடைக்கும், உள்ளே பாசிப்பயற்றுப் பூரணம். ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம். சூடாக இருக்கும்போது நம் கொழுக்கட்டையை நினைவூட்டும், ஆனால் மென்மை இதற்கு இரட்டிப்பு. அருமையோ அருமை. சைவர்கள் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கோயில்களை ஒட்டி "சூ" என்ற எழுத்துப் பலகை இருந்தால் அது முழுச் சைவக் கடை. அசைவர்களுக்குப் பன்றிக்கால், யொங்சுன் காடியில் வேகவைத்தது. பசையரிசி, நொதிக்கவைத்த செவ்வரிசி, எள் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும் கருங்காடி. புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும். ஒரு சிறிய புட்டி வாங்கலாம், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வகுப்புக் கட்டணத்தை முதல் நாளே பேசி முடியுங்கள், மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாகவா என்றும் கேளுங்கள். இரண்டு நாள் போதாது, ஐந்து நாள் வேண்டும்; முதல் மூன்று நாள் தொடைவலியிலேயே போய்விடும். தட்டையான அடியுள்ள துணிச்செருப்பு போதும், தடித்த அடியுள்ள ஓட்டக் காலணியில் குதிகாலின் எடை தெரியாது.

அவ்வளவு தூரம் போகப் பணம் இல்லையென்றால் கோலாலம்பூர், மலாக்கா, மூவார், சிங்கப்பூர் பக்கம் விசாரியுங்கள். 1929இல் சிங்கப்பூர்த் தொழிலதிபர் டான் கா கீயின் அழைப்பில் யொங்சுன் ஆட்கள் குழுவாக வந்து சிங்கப்பூரிலும் மலாயா நகரங்களிலும் கலையைக் காட்டிப் போனார்கள். எங் சூன் சங்கங்களில் முதியவர்கள் யாராவது இருந்தால் துன், தோ, பூ, திம் என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் உடனே உங்கள் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளுவார்.