திட்டம் ஐரோப்பாவினுடையது, சம்பளச் சீட்டு பெல்ஜியத்தினுடையது

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய நிதியில் சேர்ந்து நடத்தும் மரீ கியூரி முனைவர் வலையமைப்புகளைப் பற்றி மாதம் ஒருவராவது என்னிடம் விசாரிக்கிறார்கள். எல்லோரும் கேட்பது தேர்வைப் பற்றித்தான். நேர்காணலில் என்ன கேட்பார்கள், விண்ணப்பக் கடிதம் எத்தனை பக்கம் இருக்கலாம் என்றெல்லாம். அது பெரிய விஷயமே இல்லை. அதற்குப் பிறகு வருவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால், அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுருக்கமாக ஓர் அறிமுகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டம் 2021 முதல் 2027 வரை நடக்கிறது. அதன் மொத்த ஒதுக்கீடு சுமார் 9,550 கோடி யூரோ. மரீ கியூரி நிதி அதன் ஒரு பகுதி. ஒரு வலையமைப்பு அமைக்க, குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்களாவது ஒன்றுசேர்ந்து ஒரு திட்டத்தை எழுதித் தர வேண்டும். தேர்வானால், மாணவர்களை உதவித்தொகைக்காரர்களாக வைத்துக்கொள்ளாமல் ஊழியர்களாகவே வேலைக்கு எடுக்க வேண்டும். எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். எங்கள் வலையமைப்பு 2022 விண்ணப்ப அழைப்பில் தேர்வானது. பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்வீடன் பல்கலைக்கழகங்களும் சில நிறுவனங்களும் அதில் இருந்தன. கழிவுநீரில் கலந்திருக்கும் மருந்து எச்சங்களை வடிகட்டும் சவ்வுகள்தான் ஆய்வுப் பொருள்.

எனக்குக் கச்சிதமாகப் பொருந்திய இடம் ஜெர்மனியில் இருந்தது. அதற்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஒரு நாட்டில் வசித்திருந்தால், அந்த நாட்டில் உள்ள இடத்துக்குச் சேர முடியாது என்பது விதி. நான் முதுகலை படித்தது ஜெர்மனியில். ஆகவே அதே வலையமைப்பில் பெல்ஜியத்து இடத்துக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. விதி பார்ப்பது வேலைக்கு எடுக்கும் நாட்டை மட்டும்தான். ஒப்பந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குவரை மற்றப் பங்காளிகளிடம் போய் வேலை செய்யலாம் என்பதால், எந்த ஆய்வகத்தில் சேர முடியாது என்றார்களோ அதே ஆய்வகத்தில் பின்னாளில் சில மாதங்கள் வேலை செய்தேன். ஜெர்மனியில் படித்தவர்கள் ஜெர்மனி இடத்தைப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டியதில்லை. பக்கத்து வரியில் இருக்கும் நாட்டைப் பாருங்கள்.

அடுத்தது சம்பளம். எங்கள் அழைப்பில் வாழ்க்கைப்படி மாதம் 3,400 யூரோ, இடப்பெயர்வுப் படி 600 யூரோ. நாட்டுக்கு நாடு விலைவாசிக்கேற்ப வாழ்க்கைப்படி மாறும். பெல்ஜியத்துக்கு நூறு சதவீதம் என்பதால் அப்படியே 3,400. ஊரில் இதை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்துவிட்டார்கள். முதல் சம்பளச் சீட்டு வந்தபோது, பெல்ஜியத்தில் நான் இருந்த ஊரிலேயே பல வருடங்களாக இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவரிடம் காட்டினேன்.

"அக்கா, அறிவிப்பில் சொன்னது இந்தத் தொகை இல்லையே?"

"அது முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்த தொகை, தம்பி. அதை எடுத்துவிட்டுத்தான் உன் மொத்தச் சம்பளமே ஆரம்பிக்கிறது."

சீட்டை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். பெல்ஜியத்தில் முதலாளியின் சமூகப் பாதுகாப்புப் பங்கு மொத்தச் சம்பளத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அது போனபின் ஊழியரின் பங்கு 13.07 சதவீதம். அதன் பிறகு வருமான வரிப் பிடித்தம். கோடையில் வரும் விடுமுறைப் பணமும் எனக்கு இதே தொகையிலிருந்துதான் ஒதுக்கப்பட்டது என்பதால் மாதச் சீட்டு இன்னும் மெலிந்திருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம், கொடுத்த தொகையை அந்தந்த நாட்டுச் சட்டம் வெட்டித் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே வேலை உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எல்லாம் போகக் கையில் எவ்வளவு வரும்?" என்பது. மனிதவளப் பிரிவில் உத்தேசக் கணக்கு போட்டுத் தருவார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குடியிருப்பு அட்டை தனிக் கதை. ஆராய்ச்சியாளராக ஏற்றுக்கொள்வதாகப் பல்கலைக்கழகம் தரும் வரவேற்பு ஒப்பந்தத்தை வைத்து விசா வாங்கி வந்து, நகராட்சியில் பதிந்தேன். சொன்ன முகவரியில்தான் வசிக்கிறோமா என்று பார்க்கக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார். அழைப்பு மணியில் பெயர் இருந்தாக வேண்டும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அதைத்தான் மணியில் ஒட்டியிருந்தேன். கதவைத் திறந்ததும் காவலர் அப்பா பெயரைச் சொல்லி "நீங்கள்தானா?" என்றார். "ஆமாம்" என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அப்பா திருமங்கலத்தில் மத்தியானத் தூக்கத்தில் இருந்திருப்பார். அன்றிலிருந்து பல்கலைக்கழகக் கடிதங்கள் எல்லாம் அவருக்குத்தான் வருகின்றன.

ஜெர்மனிக்குப் போகும் நேரம் வந்தபோது, பெல்ஜிய அட்டை கையில் இருப்பதே போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போதாது. ஆராய்ச்சியாளர் ஓர் ஒன்றிய நாட்டு அனுமதியுடன் இன்னொரு நாட்டில் 360 நாட்களுக்குள் 180 நாட்கள் வரை வேலை செய்ய 2016/801 என்ற ஐரோப்பிய வழிகாட்டுச் சட்டம் இடம் தருகிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. ஆனால் ஜெர்மனி முன்கூட்டியே தகவல் கேட்கிறது. அங்கே நம்மை வரவேற்கும் நிறுவனம் கூட்டாட்சிக் குடியேற்ற அலுவலகத்துக்கு அறிவிப்பு அனுப்பி, உறுதிக் கடிதம் பெற வேண்டும். இதை நாம் செய்ய முடியாது, அவர்கள்தான் செய்ய வேண்டும். அவர்களில் பலர் இதற்கு முன் செய்ததும் இல்லை. சட்டப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு நானே கடிதம் எழுதிய பிறகுதான் வேலை நகர்ந்தது. கூடவே ஏ1 சான்றிதழ்: சமூகப் பாதுகாப்புத் தொகையைப் பெல்ஜியத்திலேயே கட்டுகிறோம் என்பதற்கான தாள். அதையும் புறப்படுமுன் முதலாளி வாங்கித் தர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நீண்டது இரட்டைப் பட்ட ஒப்பந்தம். என் பட்டம் பெல்ஜியமும் ஸ்வீடனும் சேர்ந்து தருவது. ஆய்வேடு ஒன்றுதான், ஆனால் அதைச் சோதிக்கும் விதம் இரண்டு. பெல்ஜியத்தில் என் பல்கலைக்கழகத்தில் முதலில் மூடிய அறையில் ஒரு தேர்வு, பிறகு பொது அரங்கில் இன்னொன்று. குழுவில் வழிகாட்டியும் உட்காருவார். ஸ்வீடனில் வழிகாட்டி மதிப்பீட்டுக் குழுவில் இருக்கவே கூடாது. அங்கே எதிர்வாதி என்று வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அவருடன் வாதாட வைக்கிறார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக அச்சிட்ட ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. இரண்டு பக்கத்துச் சட்ட அலுவலர்களும் தங்கள் விதியை மாற்ற முடியாது என்றார்கள், இருவர் சொன்னதும் சரிதான். மூடிய அறைத் தேர்வு பெல்ஜிய விதிப்படி வழிகாட்டிகளுடன், பொதுத் தேர்வு ஸ்வீடன் விதிப்படி அவர்கள் இல்லாமல் என்று பிரித்த பின்னரே கையெழுத்து விழுந்தது. இந்த ஒப்பந்தத்தை முதல் வருடத்திலேயே தொடங்க வேண்டும். பேராசிரியர்கள் "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அவர்களுக்குப் பட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

காப்புரிமையிலும் இதே இழுபறி. ஸ்வீடனில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பு பல்கலைக்கழக ஆசிரியருக்கே சொந்தம். ஜெர்மனி அப்படியொரு சலுகையை 2002இல் நீக்கிவிட்டது. வலையமைப்பின் பங்காளிகள் தங்களுக்குள் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் காப்புரிமைப் பக்கங்கள் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன் என்பது அப்போதுதான் புரிந்தது.

திட்டத்தின் நடுவில் பிரஸ்ஸல்ஸிலிருந்து திட்ட அலுவலர் வந்து நடத்தும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதி மாணவர்களுக்கு மட்டும். பேராசிரியர்கள் காப்பிக் கோப்பைகளோடு எழுந்து போனார்கள், கடைசியாகப் போனவர் கதவைச் சாத்தினார். அலுவலர் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, "சம்பளம் புரிகிறதா? பயணத்தில் தடை உண்டா?" என்று கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஜெர்மனிப் பயணம் தள்ளிப்போன கதையை நான் சொன்னதும் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மாதமே ஒருங்கிணைப்பாளர் எல்லாப் பங்காளிகளுக்கும் பயண அனுமதிகளின் பட்டியலை அனுப்பினார். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆய்வு முடிவுகளைவிட இந்தக் குறைகளை எழுதி எடுத்துப் போங்கள். ஆய்வைப் பற்றிச் சொல்ல அறிக்கைகள் இருக்கின்றன.

திருமணம் ஆகப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். குடும்பப்படி எங்கள் அழைப்பில் மாதம் 660 யூரோ. முந்தைய ஹொரைசன் 2020 திட்டத்தில் ஆரம்பத்தில் இருந்த குடும்ப நிலையே கடைசிவரை கணக்கு. இப்போது இடையில் திருமணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும் அந்தப் படிக்குத் தகுதி உண்டு. சான்றிதழை மொழிபெயர்த்து மனிதவளப் பிரிவில் உடனே கொடுத்துவிடுங்கள்.