அனான்சி கதை சொல்லப் பழகினது

கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஜமேக்காக் கதை சொல்லப் பழகப்போகிறேன் என்றதும், "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மால்வேர்ன் நூலகத்துக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்: தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற அதே கட்டடத்தில் கறுப்பினத்தவர், கரீபியர் பற்றிய தனிச் சேகரிப்பு ஒன்றும் இருக்கிறது. ட்ரினிடாட்டில் பிறந்து ரொறன்ரோவில் நூலகராக வேலை செய்த ரீற்றா கொக்ஸ் 1973இல் பார்க்டேல் கிளையில் தொடங்கிவைத்தது. இப்போது அவர் பெயரிலேயே வேறு சில கிளைகளிலும் உண்டு. அவரே பேர்போன கதைசொல்லியும்தான். பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கப் போன இடத்தில், அந்தத் தட்டில்தான் அனான்சி அகப்பட்டான்.

அனான்சி கானாவின் அகான் மக்களுடைய சிலந்தி. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து ஜமேக்காவுக்கு வந்தவன். சில நேரம் சிலந்தி, சில நேரம் மனிசன். பலம் கிடையாது, வாய்தான் இருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி வாங்கியவர்களுக்கு இவனை ஏன் பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை. அதற்காக நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தப் பிள்ளைகளின் வாழைப்பழத்திலேயே ஆளுக்குப் பாதி ஏமாற்றித் தின்கிறவன்.

ஒரு சமூக மண்டபத்தில் நடந்த பட்டறையில் சேர்ந்தேன். படிப்பித்தவர் கிங்ஸ்டனில் வளர்ந்த வயதான அம்மா. எல்லாரும் 'அன்ரி' என்றே கூப்பிட்டோம். வகுப்பு சனிக்கிழமை பகலில். அனான்சி கதையைப் பகலில் சொல்லக்கூடாது என்பது பழைய நம்பிக்கையாம். இருட்டின பிறகு, அல்லது செத்தவீட்டின் ஒன்பதாம் இரவில், டொமினோவும் ரம்மும் தேவாரம்போல ஒரு பாட்டுமாக ஆட்கள் விழித்திருக்கும்போதுதான் சொல்வார்கள். அதனால் அன்ரி முதலில் திரைச்சீலைகளை இழுத்து மூடுவார். பகிடியா உண்மையா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் தந்த முதல் வேலை, ஒரே கதையின் வேறு வேறு வடிவங்களைத் தேடிப் படிப்பது. பழைய தொகுப்புகள் இதற்கு உதவும். வோல்ற்றர் ஜெகில் 1907இலும் மார்த்தா பெக்வித் 1924இலும் ஜமேக்காவில் கேட்டவற்றை அச்சில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் இணையத்தில் சும்மா கிடைக்கும். ஜெகிலில் கதைக்குள் வரும் பாட்டுகளுக்குச் சுரமும் இருக்கிறது. படித்து முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். நான் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுபோன தாளை வாங்கி, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். அது பிறகு திரும்பி வரவேயில்லை. கதையின் எலும்பு மட்டும் மனதில் நிற்கவேண்டும், சதை அன்றன்றைக்கு அறையில் இருக்கிற ஆட்களைப் பார்த்து வளரவேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டாவது, ஜமேக்கா மக்களின் பேச்சுமொழியான பட்டுவாவைப் பேசிக் காட்டக்கூடாது. இதில் அவர் கடும் கண்டிப்பு. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கின அந்த மொழியை மேடைக்கும் பத்திரிகைக்கும் கொண்டுவந்தவர் மிஸ் லூ என்று எல்லாரும் அழைத்த லூயிஸ் பெனற். 1970 தொடக்கம் 1982 வரை ஜமேக்காத் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தினவர். கடைசிக் காலத்தை இதே ஸ்காபரோவில்தான் கழித்தார், 2006இல் இங்கேயே காலமானார். ஏரிக்கரையில் ஹார்பர்ஃபிரண்ட் சென்ரரில் அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது. "அவ சண்டை பிடிச்சு வாங்கினதை நீ வேஷமாப் போடாதை. உன்ரை இங்கிலீஷிலை சொல்லு," என்றார் அன்ரி. பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டேன். என் யாழ்ப்பாணத்து இங்கிலீஷில் 'பிரெடா ரைகர்' (புலியண்ணன்) என்று வரும்போது முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. பழகப் பழகச் சரிவந்தது.

நான் எடுத்தது பாம்பைக் கட்டின கதை. காட்டில் எல்லாக் கதையும் புலியின் பெயரில்தான் வழங்கும். தன் பெயருக்கு மாற்றித் தா என்று அனான்சி கேட்க, பாம்பை உயிரோடு கட்டிக்கொண்டு வா என்கிறது புலி. சுருக்கு வைக்கிறான், குழி வெட்டுகிறான், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பாம்பிடமே போய், "மூங்கில்தான் உன்னைவிட நீளமாம், ஊர் கதைக்குது" என்கிறான். பாம்புக்கு ரோசம். மூங்கிலை வெட்டிவரச் சொல்லிப் பக்கத்தில் நீட்டிப் படுக்கிறது. வழுக்காமல் இருக்க வாலைக் கட்டுகிறான். பிறகு நடு. "கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீளு!" தலையும் கட்டியாயிற்று.

மேடையில் கயிறும் இல்லை, மூங்கிலும் இல்லை, கைதான். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சை இறுக்கிக் காட்டினார்: வாலுக்கு மெதுவாக, நடுவுக்கு இன்னும் மெதுவாக, தலைக்கு ஒரே இழுப்பு. அந்த இழுப்புக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும். அந்தச் சில விநாடிதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். எங்கள் அம்மம்மாமார் கதை சொல்லும்போது நாங்கள் 'ம்' கொட்டுவோமே, அது பின்னால் ஓடிவருகிற சத்தம். இங்கே சபை முன்னுக்கு வரும். சொல்கிறவர் "கிரிக்!" என்றால் எல்லாரும் "கிராக்!" என்று கத்தவேண்டும். அது ட்ரினிடாட், கிரெனடா, ஹெய்ற்றிப் பக்கத்து வழக்கம், ஜமேக்காவுக்கு அவ்வளவு சொந்தமில்லை. ரொறன்ரோவில் எல்லாத் தீவும் ஒரே அறையில் இருப்பதால் பரவாயில்லை என்று அன்ரி விட்டுவிட்டார். கத்தின சத்தம் குறைந்தால் கதையை நகர்த்தாதே, திரும்பக் கேள் என்பது கட்டளை.

நிகழ்ச்சி அன்று இரவு, கதை தொடங்கி புலி வாயைத் திறக்கவே பின்வரிசையில் ஒரு ஐயா எழும்பிவிட்டார். "ஜமேக்காவிலை புலி ஏது, தம்பி?" உண்மைதான், அங்கே புலி இருந்ததேயில்லை, கானாக் கதையின் சிறுத்தை கடல் கடந்தபோது பெயர் மாறிவிட்டது என்கிறார்கள். அதை அங்கே விளக்கினால் கதை செத்துப்போகும். இடையில் கேட்கிறவரைக் கதைக்குள்ளேயே இழுத்துப்போடு என்று அன்ரி சொல்லியிருந்தார். "கதை பறிபோன வெக்கத்திலை ஓடிப்போச்சுது ஐயா, அதுதான் இப்ப காணேல்லை" என்றேன். அவரே முதலில் சிரித்தார். பிறகு பாம்பின் தலையைக் கட்டும் இடத்தில் நான் நிறுத்த, "கட்டு, கட்டு!" என்று கத்தினதும் அவர்தான்.

முடிவில் "ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்" என்று சொல்லி இறங்கவேண்டும். கதையில் நடந்த களவுக்கும் பொய்க்கும் நான் பொறுப்பில்லை என்று கையைத் துடைத்துக்கொள்ளும் வாய்பாடு. அனான்சியைச் சொல்கிறவருக்கு அது கட்டாயம் தேவை.

அன்ரியின் விமர்சனம் மேடைக்குப் பின்னால், தேத்தண்ணிக் கோப்பையோடு: நடு முடிச்சில் அவசரப்பட்டாயாம், வால் நல்லாயிருந்ததாம். அடுத்த முறைக்கு, அனான்சி உலகத்து அறிவையெல்லாம் குடுவைக்குள் அடைத்து மரத்தில் ஒளிக்கப் போன கதையைத் தந்திருக்கிறார். வடிவங்கள் தேடிக்கொண்டிருக்கிறேன். கானாவில் அவனைத் திருத்துகிறது சொந்த மகன், ஜமேக்காவில் வழியில் நின்ற ஒரு பொடியன். எதை எடுப்பது என்று இன்னும் முடிவில்லை.