சேப்பல் ஹில்லில் சாய்ந்த சிலை

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில்லுக்கு நாங்கள் குடிபோனது 2018 கோடையில். அந்த ஊர் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, யாரும் ஏறலாம். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அது பெரிய ஆறுதல். அப்படிப் போய்ப் போய்த்தான் பல்கலைக்கழக வளாகம் பழக்கமானது. அங்கே உயரமான பீடத்தில் துப்பாக்கியோடு ஒரு படைவீரன் சிலை நின்றது. 'சைலன்ட் சாம்' என்பார்கள். ஆகஸ்ட் 20 இரவு போராட்டக்காரர்கள் கயிறு கட்டி அதைக் கீழே இழுத்துப் போட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துவிட்டுக் கீழ்வேளூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "கலவரமாம்மா? வெளிய போவாத." அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு சிலையில் கை வைத்தார்கள் என்றால் விடிவதற்குள் போலீஸ் வேன் வந்து நிற்கும், கடைகள் அடைபடும். அம்பேத்கரைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருப்பதும் அதற்காகத்தானே. யார் கை வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

சேப்பல் ஹில் கதை வேறு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்கள் 1865இல் தோற்றன. அந்தப் படைக்குச் சிலை வைத்தது 1913இல். திறப்பு விழாவில் ஜூலியன் கார் என்ற ஆலை முதலாளி பேசினார். போரிலிருந்து திரும்பியதும், விழா நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்பினப் பெண்ணைச் சவுக்கால் அடித்ததை மேடையில் பெருமையாகச் சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் ஆவணமாக இருக்கிறது. கறுப்பின இளைஞர்கள் அங்கே இளங்கலை படிக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே வந்த பிறகும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனார்கள். 1960களிலேயே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. 2015இல் மாநிலச் சட்டசபை, இப்படிப்பட்ட சின்னங்களை அகற்ற முடியாதபடி ஒரு சட்டமும் போட்டது. கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு வந்த கயிறு அது. அதை வன்முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. குறுவை நடவு சமயத்தில் ஊருக்கு வந்தபோது சித்தப்பாவோடு டீக்கடையில் உட்கார்ந்து கிரீன்ஸ்பரோ கதையைச் சொன்னேன். அதுவும் வட கரோலினாதான். அங்கே உல்வொர்த் கடையில் கறுப்பினத்தவர் சாமான் வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் உணவுக் கவுண்டரில் உட்காரக் கூடாது. 1960 பிப்ரவரி 1 அன்று கல்லூரியில் முதலாண்டு படித்த நான்கு மாணவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பல மாணவர்கள் வந்தார்கள், அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. ஜூலையில் கடை இறங்கிவந்தது. அந்தக் கட்டடம் 2010 முதல் அருங்காட்சியகம். கவுண்டரும் இருக்கைகளும் அதே இடத்தில் இருக்கின்றன.

சித்தப்பா சின்ன வயதில் தனிக்குவளையில் டீ குடித்தவர். குடித்ததும் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். "உட்கார்ந்ததுக்கு அடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான்கு பேரையும் அன்று அடிக்கவில்லை, ஆனால் பிற ஊர்களில் இப்படி உட்கார்ந்த மாணவர்களை அடித்தார்கள், சிறையிலும் போட்டார்கள் என்றேன்.

மறுநாள் வெண்மணிக்குப் போனோம். கூலி உயர்வு கேட்ட பாவத்துக்கு 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். 1973இல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்துவிட்டது. சித்தப்பா ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். ஜூலியன் கார் மாதிரி ஆட்களின் பணத்தில் எழுந்த சிலையையும் இந்தக் கல்லையும் 'நினைவுச்சின்னம்' என்று ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

திரும்பும் வழியில் போனில் ஒரு போட்டோ காட்டினேன். அதே சேப்பல் ஹில் வளாகத்தில், பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பிய கறுப்பின அடிமைகளுக்காகவும் உழைப்பாளிகளுக்காகவும் 2005இல் வைத்த நினைவுச்சின்னம் அது. 300 சின்னஞ்சிறு வெண்கல மனிதர்கள் கையைத் தூக்கி ஒரு கருங்கல் பலகையைத் தாங்குகிறார்கள். பார்க்க மேசை மாதிரி இருக்கும். சுற்றிலும் கல் இருக்கைகள். பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், செருப்புக் கால் அந்த முகங்களில் படும்.

சித்தப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சொமக்கிறவன் தலையிலயே சோத்த வெச்சுத் திங்கறாங்களா?"

எனக்கும் அதே கோபம்தான். சாம் நின்ற பீடத்தை 2019 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், இடம் காலியாகத்தான் இருக்கிறது. இவர்களை ஆள் உயரத்துக்காவது ஏற்றி வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொன்னார் சித்தப்பா. எழுதப்போகிறேன்.