அடங்கலில் அப்பாவின் பெயர்

2021 ஜனவரி மழையில் எங்கள் சம்பா அறுக்கும் தறுவாயில் சாய்ந்தது. கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. உழுததும் கடன் வாங்கியதும் அப்பா. கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் இருந்ததோ சென்னையில் குடியிருக்கும் நிலக்காரரின் பெயர். பணம் அவர் கணக்கில் ஏறியது.

எங்களுக்கென்று ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இந்த ஒன்பது மா நிலத்தைத் தாத்தா காலத்திலிருந்து வாய்மொழிக் குத்தகைக்குத்தான் உழுகிறோம். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு வரும் 6,000 ரூபாயும் நிலம் உள்ளவர்களுக்குத்தான் என்றபோது அப்பா வாய் திறக்கவில்லை. நிவாரணமும் கைவிட்டுப் போன பிறகுதான், “சரி, மனு எழுது” என்றார்.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மனு எழுத ஒரு மாலைப்பொழுது போதும். ஆதாரம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. யார் சாகுபடி செய்கிறார் என்று எழுதத்தானே அடங்கல்? “நிலக்காரர் சொல்லாமல் எழுத முடியாது, பதிவு உத்தரவு கொண்டுவாருங்கள்” என்றார்கள் கிராம அலுவலகத்தில். தாலுகாவில் கேட்டதோ அடங்கல். இரண்டு மாதம் இந்தச் செக்கையே சுற்றினோம்.

குத்தகை ரசீதும் இல்லை. நிலக்காரரின் தகப்பனார் இருந்தவரை களத்திலேயே நெல்லைக் கலக் கணக்கில் அளந்து கொடுப்பதுதான் வழக்கம். ரசீது கேட்டால் மரியாதைக் குறைவு.

மனுவின் பேரில் நிலக்காரருக்கு நோட்டீஸ் போனதும் அவரிடமிருந்து பதில் வந்தது: “அவர் குத்தகைதாரர் அல்லர், தினக்கூலி.” அப்பா அன்று சாப்பிடவில்லை. நிலம் போய்விடுமோ என்ற பயத்தைவிட அந்தச் சொல்தான் அவரைத் தைத்தது.

அதற்குப் பிறகுதான் தகரப் பெட்டியைத் திறந்தார். கூட்டுறவுச் சங்கத்து உர ரசீதுகள், கூடவே வங்கிச் சலான்கள். நிலக்காரர் சென்னைக்குப் போனபின் நெல்லாக வேண்டாம், பணமாகவே போட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். அறுவடை முடிந்து ஆண்டுதோறும் அவர் கணக்கில் அப்பா கட்டிய பதினோரு சலான்கள்! கூலிக்காரர் எந்த ஊரில் முதலாளிக்குப் பணம் கட்டுகிறார்? விசாரணையில் இதைத்தான் கேட்டேன். பக்கத்து வயல்காரர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். மூன்றாமவர் கடைசி நாளில் ஒதுங்கிவிட்டார். அவர் உழுவதும் அதே குடும்பத்து நிலம். குறை சொல்ல மனம் வரவில்லை.

பதினான்கு மாதம், எத்தனையோ வாய்தா. உத்தரவு வந்தது. அடுத்த குறுவை அடங்கலில் அப்பாவின் பெயர் ஏறியது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குத்தகையை ரொக்கமாகக் கையில் கொடுக்காதீர்கள்.

அந்த ஆண்டும் அப்பா வழக்கமான தொகையையே அனுப்பினார். சட்டப்படி நியாயக் குத்தகை விளைச்சலில் நான்கில் ஒரு பங்குதான், நாம் கொடுப்பது கூடுதல் என்றேன்.

“அதற்கும் ஒரு மனுவா?” என்று கேட்டுவிட்டு மடை பார்க்கப் போய்விட்டார்.