முதல் கிழமை: தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு

சிங்களம் தெரியாதே என்ற பயத்தோடுதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கொழும்புக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வருவார்கள். முதல் கிழமையில் அவர்களின் காலை வாருவது பெரும்பாலும் தமிழ். "அடுத்த கிழமை வாங்கோ" என்று வீட்டுக்காரர் சொன்னால், "எந்தக் கிழமை, செவ்வாயா புதனா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே கிழமை என்றால் வாரம். ஜெபிக்கலாமா என்று கேட்டதற்கு வீட்டம்மா "ஓம்" என்றால் அது மந்திரம் இல்லை, சம்மதம். "பெட்டை" என்று ஒரு தகப்பன் தன் மகளைச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பேச்சில் அது சாதாரணச் சொல். ஆனால் நீங்கள் அதைச் சொல்லிப் பார்க்கவும் வேண்டாம். நித்திரை (தூக்கம்), துவாய் (துண்டு), சவுக்காரம் (சோப்பு), பாண் (பிரெட்), பேந்து (பிறகு), கெதியா (சீக்கிரம்): இந்த ஆறு சொல்லும் காதில் ஏறினால் தங்கும் வீட்டில் அரைவாசிச் சிக்கல் தீரும்.

வாயைத் திறக்குமுன் கடதாசி சரியாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்ய முடியாது. "முதலில் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்கிற சபைகளின் பேச்சைக் கேட்காதீர்கள். அழைக்கிற சபை கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். வதிவிட விசா அலுவல் பத்தரமுல்லையில், சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நடக்கும். அங்கே இழுபடுவதற்கு முக்கியக் காரணம் பெயர். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக முழுதாய் இருக்கும். சபையின் அழைப்புக் கடிதத்திலோ பழக்கத்தில் ஓர் இனிஷலோடு அடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆளா என்ற கேள்வி வந்தால் அன்றைய நாள் போய்விட்டது. கடிதத்தைக் கடவுச்சீட்டைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள். விபரப் பக்கமும் விசாப் பக்கமும் நான்கு நான்கு பிரதி, படம் ஆறு. காலையில் அலுவலகம் திறக்குமுன் போய் நிற்க வேண்டும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் இரண்டு வேலை: கடவுச்சீட்டைக் காட்டி ஒரு சிம், கொஞ்சம் காசு மாற்றல். இந்திய சிம்மைக் கழற்றி எறியாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைப்பதால் கை நிறைந்த மாதிரி இருக்கும், விலைகளைப் பார்த்ததும் அது அடங்கும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை பஸ்ஸில் நீட்டினால் கொண்டக்டரின் பார்வையே பதில் சொல்லிவிடும். விமான நிலையப் பக்கமிருந்து கோட்டைக்கு வருவது 187ஆம் இலக்க பஸ். பெரிய பெட்டி இன்னோர் ஆசனத்தை அடைத்தால் அதற்கும் காசு கேட்பார்கள். சண்டை பிடிக்க வேண்டாம்.

அதிகம் மினக்கெட வேண்டியது ஊர்ப் பெயர்களில்தான். கொழும்பில் ஓர் இடத்துக்கு மூன்று பெயர். நாங்கள் புறக்கோட்டை என்போம், கொண்டக்டர் "பிட்டகொட்டுவ" என்று கத்துவார், ஆங்கிலத்தில் பெட்டா. கொம்பனித்தெரு சிங்களத்தில் கொம்பஞ்ஞவீதிய, ஆங்கிலத்தில் பழைய பெயர் ஸ்லேவ் ஐலண்ட். கறுவாத்தோட்டம் குருந்துவத்த ஆகும், புதுக்கடை அளுத்கடே ஆகும், முகத்துவாரம் மோதர ஆகும். இதில் எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு: கோட்டையும் கோட்டேயும். கோட்டை என்பது ரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும் ஒட்டியிருக்கிற கொழும்பு 1. கோட்டே என்பது பாராளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்தனபுர. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆட்டோவில் மாறி ஏறினால் நகரின் மறுபக்கத்தில் இறங்குவீர்கள். முகவரியில் பெயரோடு கொழும்பு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்: வெள்ளவத்தை 6, பம்பலப்பிட்டி 4, கொட்டாஞ்சேனை 13.

காலி வீதியில் (Galle Road) 100, 101ஆம் இலக்க பஸ் இரண்டும் புறக்கோட்டைக்குப் போகும்; முதல் கிழமைக்கு அந்த இரண்டு இலக்கமும் போதும். தரிப்பிடத்தை "ஹோல்ட்" என்பார்கள். இறங்குமுன் "பஹினவா" என்று ஒரு சத்தம் போடுங்கள். மிச்சக்காசு உடனே வராது, இறங்க இரண்டு ஹோல்ட் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். முன் ஆசனத்துக்கு மேலே மதகுருமாருக்கு ஒதுக்கியது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "நானும் ஊழியக்காரன்தானே" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பிக்கு ஒருவர் ஏறும்போது வெள்ளைச் சட்டைப் பொடியன் அதில் இருந்தால் முழு பஸ்ஸும் பார்க்கும். ஏறியதும் நடுப்பக்கம் போய் நிற்பது நல்லது.

வீடு சந்திக்கும் வேலையை மூன்றாம் நாளுக்கு முன் தொடங்கக் கூடாது. அதுவும் உள்ளூர்க்காரர் ஒருவரோடுதான். கொட்டாஞ்சேனையில் ஒரே படிக்கட்டில் மலையகத்தார், பரதர், யாழ்ப்பாணத்தார் மூன்று பேரும் இருக்கலாம். "வாங்க" என்கிற வீட்டில் "வாங்க", "வாங்கோ" என்கிற வீட்டிலும் உங்கள் "வாங்க"தான். யாழ்ப்பாணப் பேச்சைப் பாவனை பண்ணினால் நக்கல் என்றுதான் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு அங்கிள், ஆன்ரி, இல்லையென்றால் ஐயா, அம்மா. செருப்பு வாசலில். பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வரும், சீனி தூக்கலாக இருக்கும். ஒரு மாலையில் ஐந்து வீடு என்றால் ஐந்து கோப்பை. "அரைக் கோப்பை போதும் அம்மா" என்று முதலே சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள், வேண்டாம் என்றால்தான் மனம் சுருங்கும். சுவரில் மாலை போட்ட ஓர் இளம் முகத்தின் படம் இருந்தால், "யார் இது, எப்படி இறந்தார்?" என்று நீங்கள் தொடங்காதீர்கள். யுத்தத்தைப் பற்றி அவர்களாகக் கதைத்தால் கேளுங்கள். தமிழ்நாட்டு மேடைப் பேச்சை இங்கே அவிழ்க்கவே வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், அவர்கள் இதே தெருவில் இருக்க வேண்டியவர்கள்.

துண்டுப் பிரசுரத்தைத் தெருவில் கொடுக்கும் ஆசையையும் அடக்குங்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரையின் மதச் சுதந்திரம் ஒவ்வோர் ஆளுக்கும் உண்டு. ஆனால் வழிபடவும் போதிக்கவும் 14ஆம் உறுப்புரை தருகிற உரிமை பிரஜைகளுக்கானது. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமைக்குள் அடங்காது என்று உயர் நீதிமன்றம் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது போல) 2003இல், மென்சிங்கன் அருட்சகோதரிகளின் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வேலை அழைத்த சபைக்குள்ளே, அழைத்த வீடுகளுக்குள்ளே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் வேண்டாம். கோவாவிலிருந்து 1687இல் இங்கே வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கண்ணில் படாமல் பிச்சைக்காரர் வேடத்தில் நடந்து திரிந்தவர். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவரும் முதலில் தேடிப் போனது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களின் வீடுகளைத்தான்.

சாப்பாட்டில் வயிற்றைக் கெடுப்பது மிளகாய் மட்டும் இல்லை, தேங்காய்ப்பாலும்தான். முதல் மூன்று நாள் சொதி, சம்பல் இரண்டிலும் கை குறையட்டும். சோத்துப் பார்சலை இரண்டு பேர் பகிரலாம். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடை திறக்காது. பழைய வீடுகளில் பிளக் துளை வட்டம், புதியவற்றில் சதுரம். ஓர் அடாப்டர் போதும்.

ஞாயிறு காலை ஆலய வாசலில் பையைச் சோதிக்கலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. முதுகுப் பையை வீட்டில் விட்டு, வேதாகமத்தைக் கையில் கொண்டு போங்கள். "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று நிச்சயம் கேட்பார்கள். பெயர், ஊர், எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதோடு நிறுத்துங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். சென்னை வேகத்தில் ஓடினால் பின்வாங்கில் இருக்கிற பாட்டிமாருக்கு ஒன்றும் விளங்காது.

முதல் கிழமை முடியும்போதோ அடுத்ததிலோ காய்ச்சல் வந்தால் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். டெங்கு நுளம்பு (கொசு) பகலில் கடிக்கும், கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் காட்டும். பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். அஸ்பிரின், இப்யூபுரோஃபன் இரத்தக்கசிவைக் கூட்டும். முதல் நாட்களில் டெங்குவைக் காட்டும் என்எஸ்1 பரிசோதனை, அதன்பின் டொக்டர் சொல்கிறபடி எஃப்பிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை). காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள்: வயிற்று வலி, ஓயாத வாந்தி, முரசில் (பல் ஈறில்) இரத்தம் எது வந்தாலும் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு கேட்க மாட்டார்கள். இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் திகதிப்படி அடுக்கிக் கையோடு கொண்டு போங்கள். வார்டில் முதலில் கேட்பது முந்தின நாள் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான்.