பைக் என்ஜினை ஃபார்முலா காரில் உட்கார வைத்த அனுபவம்

வீட்டு ஷெட்டில் ஃபார்முலா கார் (ஒரே ஆள் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் ரேஸ் கார்) கட்டுகிறேன் என்றால் எல்லோரும் கேட்பது, "ஏன் பைக் என்ஜின்?" என்பதைத்தான். பதில் சுலபம். 1000 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் என்ஜின் 150 குதிரைத்திறனுக்கு மேல் தரும், 12,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றும், கிளட்ச்சும் வரிசையாக ஒவ்வொன்றாக மாறும் ஆறு கியர் சீக்வென்ஷியல் கியர்பாக்ஸும் அதே அலுமினிய உறைக்குள் அடக்கம், மொத்த எடையும் ஒரு ஆள் எடைதான். இதே திறனைக் கார் என்ஜினில் எடுக்கப் போனால் டியூனிங்குக்கு ஒரு செலவு, ரேஸ் கியர்பாக்ஸுக்கு அதைவிடப் பெரிய செலவு. விபத்தில் ஃபிரேம் வளைந்து ஒதுக்கப்பட்ட பைக்கிலிருந்து நல்ல என்ஜின் கிடைத்துவிட்டால் ஒரு ரேஸ் காரின் பாதி கைக்கு வந்த மாதிரி.

ஆனால் தான் இப்போது காருக்குள் இருக்கிறோம் என்பது அந்த என்ஜினுக்குத் தெரியாது. வளைவில் சாய்வோம், நம் மேல் 300 கிலோவுக்குள்தான் சுமை இருக்கும் என்ற நினைப்பிலேயே அது ஓடும். எனக்கு வேலை வைத்ததெல்லாம் இந்த விஷயம்தான், அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயின்ட், ஃபைபர் பாடி பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 1946-ல் இங்கிலாந்தில் ஜான் கூப்பரும் நண்பர் எரிக் பிராண்டனும் இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாதிகளை முதுகோடு முதுகாக ஒட்டி, பின்னால் ஜேஏபி 500 சிசி பைக் என்ஜினை வைத்துச் செயினில் ஓட்டினார்கள். செயின் குட்டையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் என்ஜின் பின்னால் போனது. 1950-ல் அந்த 500 சிசி வகுப்பே சர்வதேச ஃபார்முலா 3 ஆனது. 1959-ல் ஜாக் பிராபம் ஃபார்முலா 1 பட்டம் வென்றதும் பின்பக்க என்ஜின் வைத்த கூப்பரில்தான். இன்றைக்கு அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் போட்டிகளில் 1000 சிசி பைக் என்ஜின் வைத்த ஃபார்முலா 1000 கார்கள் உண்டு, கல்லூரி மாணவர்களின் ஃபார்முலா எஸ்ஏஇ-யிலும் பெரும்பாலும் பைக் என்ஜின்தான். அங்கே 710 சிசி வரை அனுமதி, ஆனால் பெட்ரோல் என்ஜினுக்கான காற்று முழுக்க 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டும். எதில் ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்து அதன் விதிப்புத்தகத்தை வரி விடாமல் படித்த பிறகுதான் ஒரு ட்யூபையாவது அறுக்கவேண்டும். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலையைக் காக்கும் வளைவான ரோல் ஹூப்பின் குழாய் எத்தனை மி.மீ. கனம் என்பதெல்லாம் பிறகு மாற்றக்கூடிய விஷயம் இல்லை.

நான் சேஸியை முழுக்கப் புதிதாகக் கட்டவில்லை. பழைய சிங்கிள் சீட்டர் ஒன்றின் முன்பாதி, ஸ்டியரிங் ரேக், சக்கரத்தைப் பிடிக்கும் கைகளான விஷ்போன், பிரேக் எல்லாம் நல்ல நிலையில் கிடைத்தன. கார் என்ஜின் இருந்த பின்பாதியை மட்டும் ரோல் ஹூப்புக்குப் பின்னால் அறுத்து எடுத்தோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கால ஃபார்முலா கார்களில் பின் சஸ்பென்ஷன் பெரும்பாலும் கியர்பாக்ஸ் உறையிலேயே மாட்டியிருக்கும். பைக் என்ஜின் வந்தால் அந்த கியர்பாக்ஸ் போய்விடும், கூடவே பின் விஷ்போன்கள் பிடித்துக்கொண்டிருந்த இடமும் போய்விடும். ஆகவே பின்பக்கம் முழுக்க ஒரு புது ட்யூப் ஃபிரேம் வேண்டும், விஷ்போன் புள்ளிகள் பழைய இடத்திலேயே மில்லிமீட்டர் பிசகாமல் வரவேண்டும். அறுப்பதற்கு முன்பே அந்தப் புள்ளிகளையெல்லாம் தட்டையான இரும்பு மேஜையில் ஜிக் (இடம் மாறாமல் பிடிக்கும் அச்சு) வைத்துப் பிடித்துக்கொண்டோம்.

வெல்டிங்குக்கு நல்ல என்ஜினை உள்ளே வைக்கவே இல்லை. கனெக்டிங் ராட் வெளியே வந்து ஓட்டை விழுந்த க்ராங்க்கேஸ் ஒன்று பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. மவுண்டிங் துளைகள் ஒரே இடத்தில்தானே இருக்கும், அதை வைத்தே பிராக்கெட் எல்லாம் அமைத்தோம். வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் போய்விடுமோ, தீப்பொறி இன்டேக்கில் விழுமோ என்ற கவலையே கிடையாது. எல்லா மூட்டையும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து, அப்புறம் இடம் வலம் மாற்றி மாற்றி முழு வெல்டு. ஒரே பக்கமாகப் போட்டால் ஃபிரேம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

என்ஜினை பைக்கில் இருந்த திசையிலேயே வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். அப்படி வைத்தால் சைலன்சர் பைப்புகள் நான்கும் நேராக ஓட்டுபவரின் முதுகை நோக்கி வரும், நடுவில் இருப்பது பெட்ரோல் டேங்க்! பைப்பைக் கீழே வளைத்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய், என்ஜினிலிருந்து ஓட்டுபவரைப் பிரிக்கும் ஃபயர்வாலுக்கும் டேங்குக்கும் நடுவே வெப்பத்தடுப்புத் தகடும் காற்று போக இடைவெளியும் விட்டோம். பேப்பரில் வரையும்போது யாருக்கும் தோன்றாத விஷயம் இது.

இனி ஆயில். பைக் என்ஜின் கார் கட்டிய யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பைக் வளைவில் சாயும்போது புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்து பைக்கின் நேர்கீழாகவே இழுக்கும். அதனால் எவ்வளவு சாய்ந்தாலும் சம்ப்பில் ஆயில் சமமாகவே நிற்கும். கார் சாயாது. 1 ஜி வளைவில் (பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது) ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும், பள்ளக்கோடுகள் இல்லாத ஸ்லிக் டயரும் காரைத் தரையோடு அழுத்தும் விங்கும் சேர்ந்து 2 ஜி கொடுத்தால் 63 டிகிரி. ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, ஆயிலைப் பம்ப்புக்கு எடுக்க நடுவில் இருக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு நீண்ட வளைவு முழுக்க ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் கனெக்டிங் ராட் க்ராங்க்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் தாங்காது. நாங்கள் ஜிக்காக வாங்கிய க்ராங்க்கேஸில் ஓட்டை விழுந்ததும் அப்படித்தான் என்று அதை விற்றவரே சொன்னார்.

சிறந்த தீர்வு டிரை சம்ப், அதாவது ஆயிலை அடியில் தேக்காமல் வெளியே தனி டேங்கில் வைப்பது. வெளிப் பம்ப், தனி டேங்க், ஹோஸ்கள் என்று செலவும் எடையும் கூடும். நாங்கள் எடுத்தது நடுவழி. சம்ப்பின் ஆழமான அடிப்பகுதியை வெட்டிவிட்டு அகலமாக, தட்டையாக வெல்டு செய்தோம். தரை இடைவெளிக்கும் அது தேவைதான். உள்ளே பிக்கப்பைச் சுற்றி ஒரு சின்ன அலுமினியப் பெட்டி, நான்கு பக்கமும் உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவுகள். ஆயில் உள்ளே வரும்போது கதவு திறக்கும், வெளியேறப் பார்த்தால் மூடிக்கொள்ளும். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர்தான் கீல்களைச் செய்தார். கதவு விரல் நுனியால் ஊதினாற்போலத் தொட்டாலே ஆடவேண்டும், அதே சமயம் மூடினால் இடுக்கு தெரியக்கூடாது. அதற்காக ஒவ்வொரு கதவின் ஓரத்தையும் மெல்லிய அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதிக்க ஒரு வழி செய்தோம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். சம்ப்பின் வாயை கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டால் மூடி போல்ட் போட்டு, உள்ளே சூடாக்கிய ஆயிலை ஊற்றி, ஒரு பலகையில் கட்டி 60 டிகிரிக்குச் சாய்த்தோம். கதவுகளைக் கழற்றிவிட்டுச் சாய்த்தால் பிக்கப் சட்டென்று வெறுமையாகிவிட்டது. கதவுகளோடு சாய்த்தால் பெட்டிக்குள் ஆயில் தேங்கி நின்று மெதுவாகத்தான் கசிந்தது. பம்ப் உறிஞ்சுவது இதில் சேராது என்பதால் இதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது, ஆனால் எந்தக் கதவு சிக்குகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் பாதுகாப்பாக, அழுத்தத்தில் ஆயிலைத் தேக்கிவைத்து பிரஷர் இறங்கும்போது திருப்பித் தரும் அக்யூசம்ப் உருளை ஒன்றையும் சேர்த்தோம். சிலர் அரை லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றினால் போதும் என்பார்கள். கொஞ்சம் உதவும்தான், ஆனால் அதிகமானால் க்ராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையை பம்ப் செய்வது காற்றை பம்ப் செய்வது மாதிரிதான்.

இதே இயற்பியல் வயரிங்கிலும் வந்து நிற்கும். பைக் கீழே விழுந்தால் என்ஜினை நிறுத்த ஒரு டிப்-ஓவர் சென்சார் இருக்கும். பழைய மாடல்களில் உள்ளே ஊசலாடும் ஒரு எடைதான். பைக் ஒழுங்காகச் சாய்ந்து வளையும்போது அது அசையாது, காரில் 2 ஜி வளைவில் 63 டிகிரி சாய்ந்து "விழுந்துவிட்டோம்" என்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு-வுக்குச் சொல்லிவிடும். நல்ல வளைவின் நடுவே என்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சென்சார் நேராக நிற்கும்போது காட்டும் மதிப்புக்கேற்ற ரெசிஸ்டரை வைத்து ஈசியு-வைச் சமாதானப்படுத்தினோம். அது செய்துவந்த பாதுகாப்பு வேலைக்கு, மோதினால் பெட்ரோல் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைத் தனியாக வைத்தோம். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் இவற்றையும் இப்படியே சமாளிக்கவேண்டும், சாவி இமொபிலைசர் இருந்தால் சாவியையும் ஈசியு-வையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

செயின். "செயின்தானே, பைக்ல இருக்கிறதுதான, இதுல என்ன பெரிய விஷயம்" என்றார் நண்பர். கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் கியரில், முழு டார்க்கில், 16 பல் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) செயின் இழுவை ஒரு டன்னைத் தாண்டும். அந்த ஒரு டன் என்ஜினையும் பின் ஸ்ப்ராக்கெட் கேரியரையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். இரண்டையும் ஃபிரேமின் வேறு வேறு ட்யூபில் மாட்டினால் ஃபிரேம் வளைந்து செயின் தளரும், அப்புறம் கழன்று ஓடும். அதனால் என்ஜினின் பின் மவுண்ட்டையும், பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் டிஃபரென்ஷியல் கேரியரையும் இரண்டு தடித்த அலுமினியப் பட்டைகளால் நேரடியாகவே இணைத்தோம், டென்ஷன் வைக்க எக்சென்ட்ரிக் வளையங்கள். ஒரு நல்ல விஷயம், பைக்கில் ஸ்விங்கார்ம் ஏறி இறங்குவதற்காகச் செயினில் தளர்வு விட்டே ஆகவேண்டும், காரில் அந்த ஆட்டத்தை டிரைவ் ஷாஃப்ட் பார்த்துக்கொள்ளும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. ஆகவே தளர்வு குறைவாக வைத்தால் போதும். அவுட்புட் ஸ்ப்ராக்கெட் இடப்பக்கம் இருப்பதால் டிஃபரென்ஷியலும் இடப்பக்கம் தள்ளிப்போய், டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் வேறு வேறு நீளத்தில் வந்தன. ஸ்பேர் வைத்துக்கொள்ளும்போது இரண்டு சைஸிலும் வைத்துக்கொள்ளவேண்டும்.

கியர் மாற்றுவது எதிர்பார்த்ததைவிட சுகம். புஷ்-புல் கேபிளில் ஒரு லீவர், மேலே போக, தீப்பொறியை ஒரு கணம் நிறுத்தும் இக்னிஷன் கட், கிளட்ச் புறப்படும்போது மட்டும்தான். கீழே இறங்கும்போது ஒரு சின்ன த்ராட்டில் கொடுக்காவிட்டால் பின் சக்கரம் கவ்விக்கொள்ளும். நியூட்ரல்தான் தொல்லை, முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே லீவரின் அரை அசைவில் ஒளிந்திருக்கும். ரிவர்ஸ் கிடையாது, இறங்கித் தள்ளவேண்டியதுதான். கிளட்ச்சுக்கு வலுவான ஸ்பிரிங் போட்டோம், ஏனென்றால் ஆளோடு சேர்த்து 480 கிலோவை அது நகர்த்தவேண்டும். என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் வெட் கிளட்ச் என்பதால் பிளேட் கருகினால் அந்தத் தூள் நேராக என்ஜின் ஆயிலில்தான் கலக்கும். பயிற்சி ஸ்டார்ட் என்று சும்மா சும்மா செய்து பார்க்காதீர்கள்.

டிராக்கில் இறங்குமுன் காரைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் அதிக நேரம் பிடித்தது செயின் கார்டு. செயின் அறுந்தால் சாட்டையாகச் சுழலும், பக்கத்தில் இருப்பது ஆள், டேங்க், பிரேக் லைன். மாணவர் போட்டி விதியில் செயினைப்போல மூன்று மடங்கு அகலத்தில் எஃகுத் தகடு கேட்பார்கள். நாங்களும் அதையே பின்பற்றியிருந்தோம், ஆனாலும் அதன் பிராக்கெட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு போல்ட் போடச் சொன்னார்கள். நியாயம்தான். ரோல் ஹூப் உச்சியிலிருந்து முன் ஹூப்புக்கு ஒரு கோலை வைத்து, ஹெல்மெட் அதற்கு 5 செ.மீ. கீழே இருக்கிறதா என்று பார்த்தார்கள், வெளியிலிருந்து இழுக்கும் கட்-ஆஃப் சுவிட்ச்சை என்ஜின் ஓடும்போதே இழுத்துப் பார்த்தார்கள், தீயணைப்பான், மழை விளக்கு, பெல்ட் தேதி, அவ்வளவுதான்.

டிராக்கில் முதல் ஓட்டத்தின்போது நான் லேப் டைம் பார்க்கவே இல்லை. ஆயில் பிரஷரையும் பக்கவாட்டு ஜி-யையும் ஒன்றாகப் பதிவு செய்யும் லாகர் வைத்திருந்தோம், திரும்பி வந்ததும் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். குட்டை வளைவுகளில் பிரஷர் அசையவே இல்லை. நீளமான வலது வளைவின் கடைசியில் மட்டும் ஒரு சின்ன இறக்கம், உடனே அக்யூசம்ப் அதைத் தூக்கிவிட்டிருந்தது. ஆனால் இடது வளைவில் இறக்கமே இல்லை, அப்படியென்றால் ஒரு பக்கக் கதவுதான் முழுக்க மூடவில்லை. சம்ப்பை இறக்கி அந்தக் கீலை மாற்றினோம். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பார்த்தோம்: கிளட்ச்சின் கறுப்புத் தூள் கொஞ்சம், பேரிங் உலோகத்தின் மினுமினுப்பு இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்கிறோம்.

இப்போது மிச்சம் கியரிங்தான். நேர்ப்பாதை முடியும் முன்பே ஆறாவது கியரில் என்ஜின் அதன் ஆர்பிஎம் உச்சவரம்பான லிமிட்டரைத் தொட்டுவிடுகிறது. ஃபார்முலா ஸ்லிக் டயரின் விட்டம் பைக் டயரைவிடச் சின்னது, பைக்கில் வந்த பின் ஸ்ப்ராக்கெட்டையே வைத்தால் அப்படித்தான் ஆகும். முன்னால் ஒரு பல் மாற்றினால் 6 சதவீதம், பின்னால் ஒரு பல் மாற்றினால் 2.5 சதவீதம் மாறும் என்பதால் பின்னால் 40-லிருந்து 38-க்கு இறங்கலாம் என்று நண்பர் சொல்கிறார், எனக்கு 39 போதும் என்று படுகிறது. இரண்டையும் வெட்டி வைத்துவிட்டார்.